சிவசக்தி கழற்றிய வயர்கள்

பண்டாரவளையில் நஸீரின் கடையில் ஸ்பீக்கர் பூட்டிய வாகனத்தை மற்றக் கடைக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கதவின் உட்பலகையைக் கழற்றினால், வாகனத்தோடு கம்பனியிலிருந்து வந்த ஸ்பீக்கர் வயர் அங்கே இராது. மற்ற இடங்களில் அந்தப் பழைய வயரிலேயே புது ஸ்பீக்கரைக் கொளுவி அனுப்புவார்கள். கொஞ்சம் அக்கறையுள்ளவர்கள் அதை இரண்டு முனையிலும் வெட்டி உள்ளேயே விட்டுவிட்டுப் புதியதை ஓட்டுவார்கள். நஸீரின் கடையில் மட்டும் பழையது முழுவதும் வெளியே எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் தடித்த புது வயர் போயிருக்கும். மேலே சுற்றிய கறுப்பு நாடாவைப் பார்த்தால் யாரும் கை வைத்ததாகவே தெரியாது. இந்த வேலையை நஸீர் செய்கிறார் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். செய்தவள் பூனாகலைத் தோட்டத்துச் சிவசக்தி.

அவள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். தாய் பெரியாயி கொழுந்து பறித்தாள். சிவசக்தி பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே தகப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். தம்பி சுரேஸ் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு, 1993இல், சிவசக்தி லயத்துப் பெண்கள் சிலரோடு கட்டுநாயக்காவுக்குப் போனாள். மற்றவர்களுக்குத் தையல் தொழிற்சாலைகளில் இடம் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது வாகனங்களுக்கு வயர்க்கட்டுச் செய்யும் ஒரு தொழிற்சாலை.

அங்கே நீளமான பலகைகளில் ஆணி அடித்திருக்கும். எந்த நிற வயர் எந்த ஆணியைச் சுற்றி எங்கே பிரிய வேண்டும் என்று பலகையிலேயே கோடு போட்டிருக்கும். வயர்களை அடுக்கிவிட்டு, ஒரு சுற்று முந்திய சுற்றின்மேல் பாதி ஏறும்படி கறுப்பு நாடாவைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அப்படிக் கட்டியவை பெட்டியில் அடைக்கப்பட்டுக் கப்பலேறின. எந்த வாகனத்தின் வயிற்றுக்குள் அவை போகின்றன என்று அங்கிருந்த பெண்களுக்குத் தெரியாது. சிவசக்தி ஐந்து வருடம் நாடா சுற்றினாள். பெரியாயி மழையில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டபோது, வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினாள்.

கொழுந்து பறிக்கப் பேர் பதியச் சொல்லிக் கங்காணி வந்து கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கசெட் விற்கும் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அங்கே போனாள். கடை நஸீருடையது. முன்பக்கத்தில் அவருடைய மனைவி ஸவாஹிரா கசெட்டும் பெட்டரியும் விற்றார். பின்வளவில் தகரக் கூரைக்குக் கீழே வேன்களுக்கும் பஸ்களுக்கும் ரேடியோ பூட்டும் வேலை நடந்தது. ஸவாஹிரா நிறைமாதமாக இருந்ததால், முன்பக்கத்தில் நிற்கச் சிவசக்தியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பின்னால் வேலை செய்துகொண்டிருந்த மொஹிதீன் என்பவர் அந்த வருடமே சவூதிக்குப் போய்விட்டார். நஸீருக்கு வேலை தெரியும். ஆனால் அவருடைய கை பெரியது, பொறுமை சிறியது. ஒரு நாள் ஒரு வேனின் கதவோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே, கீல்களுக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும். கதவுக்குப் போகும் எல்லா வயரும் அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகும். அந்தக் குழாய்க்குள் புது வயர் நுழையவில்லை. நஸீர் சவர்க்காரம் பூசிப் பார்த்தார். கம்பியைக் குத்திப் பார்த்தார். கடைசியில் வேன்காரனின் வாப்பாவையும் சேர்த்துத் திட்டிவிட்டு எழுந்தார்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த சிவசக்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொதலாளி, பழசு உள்ளுக்குள்ள இருக்கிற வரைக்கும் புதுசு போகாதுங்க. எடமில்ல."

"பழச எப்பிடி எடுக்கிய? எல்லாத்தையும் ஒண்டாச் சுத்தி வெச்சீக்கிறானே."

"சுத்துனத அவுக்கலாமுங்க."

அவள் குந்தி உட்கார்ந்து நாடாவின் நுனியை நகத்தால் தேடினாள். நுனி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கட்டுநாயக்காவில் அதை எங்கே முடிக்க வேண்டும் என்பதற்கே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். நாடா பிரிந்தது. ஸ்பீக்கருக்கான மெல்லிய இரட்டை வயரை மட்டும் கட்டிலிருந்து பிரித்தாள். அதன் நுனியில் புது வயரைக் கட்டினாள். பழையதை மெதுவாக இழுக்க, புதியது உள்ளே போனது. பிறகு எல்லாவற்றையும் திரும்பவும் சுற்றினாள், பாதிச் சுற்று ஏறும்படி.

"எங்க படிச்ச இத?"

"படிக்கலீங்க. இதத்தான் கட்டிக்கிட்டு இருந்தேன்."

அடுத்த மாதமே அவள் பின்வளவுக்கு மாறினாள். முன்பக்கத்தில் ஸவாஹிராவின் தங்கை வந்து நின்றாள்.

வேன் சாரதிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஒருவன் சாவியைக் கொடுக்காமலே திரும்பிப் போனான். இன்னொருவன், பொம்பளைப் பிள்ளை கை வைத்த வண்டியில் கதிர்காமம் போகமாட்டேன் என்றான். நஸீர் வியாபாரி. பின்வளவுக்குப் போகும் வழியில் ஒரு திரையைத் தொங்கவிட்டார். சாவியை முன்பக்கத்தில் வாங்குவார், வாகனத்தைத் தானே பின்னால் ஓட்டிவருவார், வேலை முடிந்ததும் தானே ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுப்பார். யாராவது சத்தம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், "நானே பாத்து செஞ்சேன்" என்பார். சிவசக்திக்கு இது தெரியும். முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுநாயக்காவிலும் அவள் கட்டியதில் அவள் பேர் இருந்ததில்லை.

சமாதான ஒப்பந்தம் வந்த காலத்தில் வேலை குவிந்தது. பாதைகள் திறந்தன. பதுளையிலிருந்தும் ஹாலிஎலையிலிருந்தும் வேன்கள் யாழ்ப்பாணம் வரைக்கும் சுற்றுலாப் போயின. ஜப்பானில் ஓடித் தேய்ந்த வேன்கள் வந்திறங்கின. வாங்கியவர்கள் இருக்கையை மாற்றுவதற்கு முன்பே சத்தத்தை மாற்றினார்கள். பின் இருக்கைக்குக் கீழே அம்ப்ளிஃபயர், கதவுகளில் பெரிய ஸ்பீக்கர். பழைய ஸ்பீக்கர் வயர் தலைமுடி நாலைந்து சேர்ந்த தடிப்புத்தான் இருக்கும். கம்பனி போட்ட சின்ன ரேடியோவுக்கு அது போதும். அம்ப்ளிஃபயரின் பலம் முழுவதையும் அதற்குள் அனுப்பினால் பாதி வழியிலேயே சூடாகித் தீர்ந்துவிடும். தடித்த வயர் போட்டதும் பாட்டின் அடிச்சத்தம் நெஞ்சில் இடிக்கும். சாரதிகளுக்கு வேண்டியது அதுதான்.

சிவசக்தி வயர் எடுக்கும்போது, நாடா சுற்றியிருக்கும் விதத்தைப் பார்ப்பாள். ஒரு தடவை ஒரு வேனில் எல்லாச் சுற்றும் எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. எந்த நாட்டிலோ இடது கைக்காரி ஒருத்தி அதைச் சுற்றியிருக்கிறாள் என்று ஸவாஹிராவிடம் சொன்னாள். அதைத் திரும்பக் கட்டும்போது அவளும் எதிர்ப்பக்கமாகவே சுற்றினாள். ஏன் என்று ஸவாஹிரா கேட்டதற்கு, "அப்புடியே இருக்கட்டுமேன்னுதான்" என்றாள்.

கழற்றிய பழைய வயர்களை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். யாரும் கேட்காத பொருள். லயத்தில் அதற்கு ஆயிரம் உபயோகம் இருந்தது. போஞ்சிக் கொடிக்குக் கம்பு கட்ட, கோழிக்கூட்டை இறுக்க, துணி காயப்போட. மிஞ்சியதைச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். சாக்கு இரண்டாயிற்று.

அந்த வருடங்களில் அவள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த வாடிக்கையாளர்கள் இரண்டே பேர்.

ஒருவர் வெலிமடையில் மரக்கறி லொறி வைத்திருந்த டிங்கிரிபண்டா. வேறு எங்கோ அவருடைய லொறிக்கு அம்ப்ளிஃபயர் பூட்டியிருந்தார்கள், பழைய வயரை அப்படியே வைத்துக்கொண்டு. கதவு திறந்து மூடித் திறந்து மூடி, ரப்பர்க் குழாய்க்குள் அந்த மெல்லிய வயரின் தோல் உரிந்து, செம்பு தகரத்தில் பட்டு, ஹப்புத்தளை ஏற்றத்தில் அம்ப்ளிஃபயர் புகைந்து செத்துவிட்டது. கறிமிளகாய் மூட்டைகளோடு நேரே நஸீரின் கடைக்கு வந்தார். அவர் யாரையும் நம்பாத மனிதர். திரையை விலக்கிக்கொண்டு பின்னால் வந்து, லொறிப் பக்கத்தில் நின்றுவிட்டார். நஸீர் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை.

சிவசக்தி கதவுக்குள் கையை விட்டிருந்தாள். "மாத்தயா, கொஞ்சம் அங்கிட்டுப் போங்க. வெளிச்சம் விழமாட்டேங்குது" என்றாள்.

அவர் தள்ளி நின்றார். ஆனால் போகவில்லை. வேலை முடிந்ததும் உரிந்த வயரைத் தன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில், "நீ நல்ல வேலை செய்யிறது" என்றார்.

மற்றவர் பதுளையில் இருந்த வைத்தியர் ஸ்ரீஸ்கந்தராஜா. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பக்கத்துக்காரர். மலைநாட்டுக்கு மாற்றலாகி வந்து வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்கு நாதஸ்வரம் கேட்பதில் பிரியம். காரில் ஸ்பீக்கர் மாற்றிய பிறகு ஏதோ குறைகிறது என்று திரும்பி வந்தார். நஸீருக்கு வித்தியாசம் தெரியவில்லை. வைத்தியரைப் பின்னால் கூட்டிக்கொண்டு வந்தார். சிவசக்தி ஒரு சின்ன பெட்டரியை எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரிலும் தொட்டுப் பார்த்தாள். ஸ்பீக்கரின் தாள் ஒன்றில் வெளியே துள்ளியது, மற்றதில் உள்ளே போனது.

"தப்பு என்னுதுதாங்க ஐயா. ஒரு பக்கம் கூட்டலும் கழித்தலும் மாறிப்போச்சு. ஒண்ணு தள்ளுறப்ப மத்தது இழுக்குது."

"அப்ப நீர்தான் இதைச் செய்தனீரோ, பிள்ளை?"

"ஆமாங்க."

"நான் நஸீர் எண்டெல்லோ நினைச்சன்." வைத்தியர் சிரித்தார். அவள் மாற்றிக் கொடுக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்று, கட்டுநாயக்கா பற்றியெல்லாம் விசாரித்தார்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. 2007இல் ஒரு நாள், எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்ததாக வானொலியில் சொன்னார்கள். மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில் தோட்டம் சுற்றிவளைக்கப்பட்டது. லயம் லயமாகச் சோதனை. சிவசக்தி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். சுரேஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தான்.

கட்டிலுக்குக் கீழிருந்து சாக்குகளை இழுத்தபோது சிப்பாய்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் வெளியே ஓடினான். அதிகாரி ஒருவரும், தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரும் வந்தார்கள். சாக்கைத் தரையில் கவிழ்த்தார்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை வயர்கள். சிலவற்றின் முனையில் பிளக் இருந்தது. சிலவற்றில் கறுப்பு நாடா இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி வெளியே பார்த்தார். போஞ்சிக் கம்புகளிலும் அதே வயர்.

"யாருடையது?"

சுரேஸ் அக்காவைப் பார்த்தான்.

"என்னுதுங்க" என்றாள் சிவசக்தி. "வேன்ல பாட்டு ஸ்பீக்கருக்குப் போற வயருங்க. பழச கழட்டிட்டுப் புதுசு போடுவேன். இது கழட்டுனது."

பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. சுரேஸின் கையைப் பின்னால் கட்டச் சொன்னார். அக்கா தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றுதான் அங்கிருந்த எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெரியாயி ஊன்றுகோலோடு வாசலில் வந்து விழுந்து அழுதாள். சிவசக்தி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால் போனாள்.

"சார், அவனுக்கு வயரப் பத்தி ஒண்ணும் தெரியாது. கேட்டுப் பாருங்க. என்னயக் கேளுங்க."

"அப்படியானால் நீயும் ஏறு" என்றார் அதிகாரி.

பொலிஸ் நிலையத்தில் அவளைத் தனியாக வைத்து விசாரித்தார்கள். எந்த வாகனம், யாருடைய வாகனம் என்று கேட்டார்கள். அவளுக்கு வாகனங்கள் தெரியும், ஆட்களைத் தெரியாது. நீல இருக்கை வெள்ளை வேன், வலது பக்கக் கதவு நசுங்கியது. பச்சை வேன், தரை விரிப்பு ஊறி நாற்றமடித்தது. இப்படித்தான் சொன்னாள். பின்வளவுக்கு வந்த இரண்டு பேரின் முகம் தெரியும், பேர் தெரியாது. ஒரு பேரும் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் மறைக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி அவளுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில், வயர் பற்றவைக்கும் ஈயம் சுட்ட தழும்புகள் இருந்தன. அதுவும் அவளுக்கு எதிராகவே போயிற்று.

செய்தி கேட்டு நஸீர் வந்தார். அந்தக் காலத்தில் பொலிஸ் நிலையத்துக்குத் தானாக நடந்து போவது சின்ன விஷயமில்லை. ஸவாஹிரா போக வேண்டாம் என்று தடுத்துப் பார்த்திருக்கிறார். நஸீர் பொறுப்பதிகாரிக்கு முன்னால் நின்று, அந்தப் பெண் தன்னுடைய கடையில்தான் வேலை செய்கிறாள், வயர்கள் எல்லாம் தன் கடைக்கு வந்த வாகனங்களுடையவை என்று சொன்னார்.

பொறுப்பதிகாரி தன் சார்ஜன்ட் ஒருவரைக் கூப்பிட்டார். சார்ஜன்டின் மைத்துனன் போன வருடம் நஸீரின் கடையில் தன் வேனுக்கு ஸ்பீக்கர் பூட்டியிருந்தான். அன்று அவனோடு கூட வந்தவர் சார்ஜன்ட்தான்.

"அன்றைக்கு வேலையை யார் செய்ததாகக் கடைக்காரர் சொன்னார்?"

சார்ஜன்ட் நஸீரைக் காட்டினார். "இவர்தான். நானே பார்த்துச் செய்தேன் என்றார்."

"அன்றைக்கு நீ செய்தாய். இன்றைக்கு இவள் செய்தாளா?" என்று பொறுப்பதிகாரி நஸீரைக் கேட்டார்.

நஸீர் திரை போட்ட கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருடைய காதுக்கே பொய்யாகக் கேட்டது. அவள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த, கடைக்குச் சம்பந்தமில்லாத ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினார்கள்.

அவர் முதலில் போனது பதுளைக்கு. படித்தவர், அரசாங்க உத்தியோகம், அவருடைய வார்த்தைக்கு மதிப்பிருக்கும். வைத்தியர் ஸ்ரீஸ்கந்தராஜா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கதை முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து போய் யன்னலைச் சாத்தினார்.

"நஸீர், நான் வந்து சொன்னா அந்தப் பிள்ளைக்கு உதவுமெண்டு நினைக்கிறீரோ? என்ரை அடையாள அட்டையில ஊர் என்னெண்டு தெரியுமெல்லோ. ஒரு வயர்ச் சாக்கு, ஒரு பருத்தித்துறை ஆள். அவை ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டா, அவளும் வெளியில வரமாட்டாள், நானும் வரமாட்டன்."

"நீங்க கண்டதச் சொன்னாப் போதும், டொக்டர்."

"கண்டதுதான். இல்லையெண்டு சொல்லேல்லை." அவருடைய குரல் தாழ்ந்துபோயிருந்தது. "எனக்கு ஏலாது."

நஸீர் கோபப்படவில்லை. அவர் சொன்னதில் பிழை இல்லை என்று தோன்றியது. தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

வெலிமடையில் டிங்கிரிபண்டா லொறிக்கு லீக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, தம்புள்ளைச் சந்தைக்குப் போக வேண்டிய லொறியை அப்படியே பண்டாரவளைப் பக்கம் திருப்பினார். நல்ல மனிதர் என்று அதற்காகச் சொல்லிவிட முடியாது. தன் லொறியில் தான் நின்று பார்த்த வேலையை நடக்கவில்லை என்று யாரோ சொல்கிறார்கள் என்பதில்தான் அவருக்கு ஆத்திரம். நிலையத்து முற்றத்தில் லீக்ஸ் மணக்க லொறியை நிறுத்தினார். பொறுப்பதிகாரியையே வெளியே வரச்சொல்லி, கதவைத் திறந்து ரப்பர்க் குழாயைக் காட்டினார்.

"நான் பக்கத்தில் நின்றேன். இவள் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள், வெளிச்சத்தை மறைக்கிறேனாம். என் லொறியில் என்னையே! வேறு யாரும் செய்யவில்லை, இவள்தான் செய்தாள்."

பொறுப்பதிகாரி சிரித்தார். அந்தச் சிரிப்போடு காரியம் பாதி முடிந்தது. வாக்குமூலம் எழுதி, டிங்கிரிபண்டா கையெழுத்துப் போட்டு, அன்று பின்னேரம் சிவசக்தியை விட்டார்கள். ஆனால் சுரேஸின் பேர் அதற்குள் மேலிடத்துக்குப் போயிருந்தது. அவனை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கக்காரர்களும் ஒரு சட்டத்தரணியும் அலைந்து அவனை வெளியே எடுக்க இன்னும் சில வாரங்கள் பிடித்தன.

திரும்பி வந்தவன் மெலிந்திருந்தான். என்ன நடந்தது என்று தாயிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. போஞ்சிக் கம்புகளில் கட்டியிருந்த வயரையெல்லாம் ஒவ்வொன்றாக அறுத்துத் தேயிலை வடிகானில் வீசினான். கம்புகள் சரிந்தன.

"ஒன் குப்பையால நான் உள்ள போனேன்" என்றான். அது ஒன்றுதான் சொன்னான்.

அவன் சொன்னது உண்மை. சாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் சிவசக்திதான். தான் செய்த வேலையைச் சொன்னபோது அதை நம்ப ஒருவரும் இல்லாததும் உண்மை. இந்த இரண்டில் எது தன்னை அதிகம் வருத்தியது என்று பிற்காலத்தில் ஸவாஹிரா கேட்டபோது, அந்தப் பொலிஸ்காரர் சிரித்ததுதான் என்றாள். தம்பியின் விஷயம் வெறும் வருத்தம் என்று சொல்லி முடிக்கக்கூடியதல்ல என்றாள்.

சுரேஸ் அடுத்த வருடம் கட்டாருக்குப் போனான். போகும்போது தாயின் காலில் விழுந்தான். அக்காவிடம் பையைத் தூக்கித் தரச் சொன்னான்.

கடைக்குத் திரும்பிய முதல் நாள் சிவசக்தி பின்வளவுக்குப் போகவில்லை. முன்பக்கத்திலேயே நின்றாள்.

"மொதலாளி, இனிமே நான் ரோட்டுப் பக்கந்தான் வேலை செய்வேன். வண்டிக்காரங்க பாக்கட்டும்."

"ஓட்டி வாரவன் எல்லாம் திரும்பிப் போயிருவான், தங்கச்சி."

"போகட்டுங்க."

நஸீர் மனைவியைப் பார்த்தார். ஸவாஹிரா எழுந்து போய்த் திரையைக் கழற்றினார். அதைத் துவைத்து, பிறகு தரை துடைக்கப் பாவித்தார்.

நஸீர் சொன்னபடியே கொஞ்சப் பேர் திரும்பிப் போனார்கள். சில மாதங்கள் கடை ஈயோட்டியது. பிறகு வெலிமடை லொறிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். டிங்கிரிபண்டா பொலிஸ் நிலையத்துக் கதையை ஒவ்வொரு சந்தையிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு தடவையும் கதையில் அவருடைய குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. அந்தப் பெண் யார் என்று பார்க்கவே சிலர் வந்தார்கள். வந்தவர்கள் ஸ்பீக்கரும் மாற்றிக்கொண்டு போனார்கள்.

பழைய வயரை அவள் வைத்துக்கொள்வதில்லை. கழற்றியதைச் சுருட்டி வாகனக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவாள். பலர் அதைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். நகரசபைக் குப்பை லொறி வரும்போது நஸீர் தன் கையாலேயே அதை அள்ளிப் போட்டார். அவளை விடவில்லை.

யுத்தம் முடிந்த வருடம், மழைக்காலத்தில், வைத்தியர் ஸ்ரீஸ்கந்தராஜா வேறொரு காரில் வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. சாவியை நஸீரிடம் கொடுக்காமல் நேரே அவளிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"வயரும் மாத்த வேணும், பிள்ளை."

"மாத்தாம செய்யிறதில்லீங்க."

அவள் கதவுப் பலகையைக் கழற்றினாள். வைத்தியர் குடையோடு பக்கத்தில் நின்றார். வெகு நேரம் கழித்து, "அந்த நேரம் நான் வரேல்லை" என்றார்.

"தெரியுமுங்க. மொதலாளி சொன்னாரு."

"பயந்திட்டன்."

"நீங்க பயந்தது சரிதாங்க ஐயா. ஆனா அன்னைக்கி உள்ளுக்குள்ள இருந்து, யாரு வருவான்னு நெனச்சப்ப, ஒங்க மொகந்தான் மொதல்ல வந்துச்சு. அதச் சொல்லாம இருக்க முடியல."

வைத்தியர் தலையாட்டினார். அவள் கதவுக்குள் மறுபடி கையை விட்டாள். வேலை முடிந்ததும் பெட்டரியால் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தொட்டுக் காட்டினாள். எல்லாத் தாளும் வெளியே துள்ளின. அவர் அதைக் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகும் அவர் கார் விஷயமாக அங்கே வந்துபோனார். இருவரும் நாதஸ்வரத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள்.

அதே வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரேஸ் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். வழக்கமாகத் தாயோடு பேசிவிட்டு வைத்துவிடுவான். அன்றைக்கு அக்காவிடம் கொடுக்கச் சொன்னான். பெரியாயி போனை நீட்டியபோது, ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துச் சிவசக்தி எழுந்தே நின்றுவிட்டாள்.

அவனோடு தங்கியிருந்த ஒருவன் பழைய கார் ஒன்று வாங்கி, அம்ப்ளிஃபயர் பூட்டியிருந்தான். வண்டியை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கொசு பாடுவது போல ஒரு சத்தம் வந்தது. வேகம் கூடினால் சத்தமும் கூடியது. அங்கே ஒரு கடையில் காட்டியதற்கு அம்ப்ளிஃபயரையே மாற்றச் சொல்கிறார்களாம்.

"அம்ப்ப மாத்த வேணாம். பெட்டரியில இருந்து வர்ற பெரிய வயரு எந்தப் பக்கமா வருது?"

"வலது பக்கம், கம்பளத்துக்குக் கீழ."

"ரேடியோவுல இருந்து வர்ற பாட்டு வயரு?"

சுரேஸ் யாரையோ கேட்டான். "அதுவும் அங்கிட்டுத்தான். ரெண்டையும் ஒண்ணா டேப் சுத்தி வச்சிருக்கான்."

"அதாண்டா. அவுத்து, பாட்டு வயர மத்தப் பக்கமா ஓட்டச் சொல்லு. ரெண்டும் ஒண்ணா ஓடக் கூடாது. கரண்டு வயரோட சத்தம் இதுல ஏறிக்கிது."

"யாரு அவுக்கிறது? இவனுக்குத் தெரியாது."

"நீ அவு. நான் சொல்றேன். மொதல்ல டேப்போட நுனி எங்கன்னு தேடு."

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கார்க் கதவு திறக்கும் சத்தமும், அவன் குனிந்து மூச்சு வாங்குவதும் கேட்டன.

"கெடைச்சிருச்சு" என்றான்.

"பிக்காம, மெதுவா இழு."

அவன் இழுத்தான். சிவசக்தி லயத்து வாசலில் நின்றுகொண்டு, அடுத்து எதை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வேலையில் அவனுடைய கார்ட் முடிந்து போன் துண்டிக்கப்பட்டது. அவள் அந்த இடத்திலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் வேறொரு நம்பரிலிருந்து திரும்ப எடுத்தான்.